குரிச்சேனா, கருப்பிட்டமா? நட்டால் புல்வெளியில் காலடியிலிருந்து எழும் பட்டன்காடை

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். தேனிப் பக்கத்திலிருந்து வந்து தென்னாப்பிரிக்காவின் நட்டாலில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கிறார். பக்கத்து ஊரான ஹோவிக்குக்கு மேலே ஒரு பண்ணையின் புல்சரிவில் விடிகாலையில் நடந்திருக்கிறார். காலடியிலிருந்து சின்னக் காடை ஒன்று விர்ரென்று எழுந்து, ஐம்பது தப்படி தூரம் புல்லை உரசியபடி பறந்து, சட்டென்று விழுந்து மறைந்துவிட்டது. முதுகு கறுப்பாகத் தெரிந்ததாம். புத்தகத்தில் குரிச்சேன் பட்டன்காடை, கருப்பிட்டப் பட்டன்காடை என்று இரண்டு படம், இரண்டும் ஒரே மாதிரி. நான் பார்த்தது எது, எப்படிப் பிரிப்பது, பேர்ட்லாஸர் என்கிற பறவைப் பதிவுச் செயலியில் பதியலாமா, நாயைக் கூட்டிப்போய் மறுபடி கிளப்பிப் பார்க்கலாமா? இவ்வளவுதான் கேள்வி.

நேரடிப் பதில்: நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து எதுவென்று சொல்ல முடியாது. இடம் கருப்பிட்டத்துக்குச் சாதகமாக இருக்கிறது. ஆனால் "முதுகு கறுப்பாகத் தெரிந்தது" என்பது, வெயில் எந்தப் பக்கமிருந்து அடித்தது, புல் நனைந்திருந்ததா என்ற இரண்டும் தெரியாமல் சாட்சியாக நிற்காது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. பட்டன்காடை காடையே அல்ல. நம் ஊர்க் காடையும் கவுதாரியும் கோழிக் குடும்பத்தோடு சேர்ந்தவை. பட்டன்காடைகளை ரொம்ப நாள் கொக்கு, கானாங்கோழி வகையறாவோடு சேர்த்து வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு அவை கரைப்பறவை வரிசைக்குள் போய்விட்டன, அதிலும் கடற்காகங்கள் இருக்கிற கிளைக்குப் பக்கத்தில். டர்பன் கடற்கரையில் சிப்ஸ் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிற சாம்பல்தலைக் கடற்காகம் இதற்கு உறவு, கசாப்புக் கடையில் தொங்குகிற காடை இல்லை. காட்டில் இதைச் சரிபார்க்கக் காலைப் பார்த்தால் போதும். பட்டன்காடைக்கு முன்பக்கம் மூன்று விரல்தான், பின்விரல் கிடையாது. காடைக்கு உண்டு. பறக்கிற பறவையிடம் இதைப் பார்க்க முடியாது என்பது சரிதான். கம்பியிலோ கண்ணாடியிலோ மோதிச் செத்துக் கிடக்கிற பறவை கையில் கிடைத்தால் முதலில் பாதத்தைப் படமெடுங்கள், அப்புறம் பிட்டம், அப்புறம் விலாப்பக்கம். முகத்தை மட்டும் படமெடுத்து அனுப்புகிறவர்களே அதிகம், அதனால் பாதி உபயோகம்தான்.

பெண்ணும் ஆணும் இங்கே தலைகீழ். பெண்தான் பெரிது, பெண்ணுக்குத்தான் நிறம் அதிகம், பெண்தான் கூவி இடம் பிடிக்கும், இன்னொரு பெண் வந்தால் சண்டைக்குப் போகும். முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். ஆண் தனியாக அடைகாத்து, பன்னிரண்டிலிருந்து பதினைந்து நாளுக்குள் பொரித்து, குஞ்சுகளை மேய்க்கும். உங்கள் ஊர்ப் பக்கம் நெஞ்சில் கறுப்பு வரியோடு இருக்கிற பட்டன்காடையும் இதே வழக்கம்தான். சென்னை ராஜதானியின் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1860களில் இந்தியப் பறவைகளைப் பற்றி எழுதும்போது, தென்னிந்தியாவில் பழக்கிய ஒரு பெட்டையைப் பொறிக்கூண்டில் வைத்துக் காட்டில் விடுவார்கள், அது கூவியதும் சண்டைக்கு வருகிற பறவை மாட்டிக்கொள்ளும், மாட்டியவை பெரும்பாலும் பெட்டைகள் என்று குறித்திருக்கிறார். அடையாளம் பார்க்கிறவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. புத்தகத்தில் பளிச்சென்று அச்சாகியிருக்கிற படம் பெண்ணுடையது. நீங்கள் காட்டில் கிளப்புகிறது ஆணாக இருக்கலாம், ஆண் எப்போதும் கொஞ்சம் மங்கல், அதிகப் புள்ளி. பெண்ணின் படத்தை மனசில் வைத்துக்கொண்டு ஆணைப் பார்த்தால் இரண்டு இனமும் குழம்பும்.

இனி குரிச்சேன். இது உலகம் சுற்றிய இனம். வட ஆப்பிரிக்காவில் கிடைத்த பறவையை வைத்து 1789 இல் முதலில் விவரிக்கப்பட்டது. சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியிலும், இந்தியா, தென்கிழக்கு ஆசியா வரை உண்டு. ஆகவே தமிழ்நாட்டு மேட்டுநிலத்தில் இருக்கிற சின்னப் பட்டன்காடையும் இங்கே இருக்கிறதும் ஒரே இனத்தின் வேறு வேறு கிளை. தென்னாப்பிரிக்கக் கிளைக்குப் பெயர் வைத்தவர் ஆண்ட்ரூ ஸ்மித். 1834 முதல் 1836 வரை அவர் உள்நாட்டுக்குப் போன பயணத்தில் சேகரித்தவற்றில் இதுவும் ஒன்று. குரிச்சேன் என்பது இன்றைய நார்த் வெஸ்ட் மாகாணத்தில் ஸீரஸ்ட் பக்கம் இருந்த பழைய ட்ஸ்வானா நகரம், குரிச்சேன் பூங்குருவிக்கும் அதே பெயர்தான். ஸ்பெயினில் இருந்த கிளைக்கு 1981க்குப் பிறகு உறுதியான தடயம் இல்லை, 2018 இல் அது அற்றுப்போனதாக அறிவித்துவிட்டார்கள். மொராக்கோவில் மட்டும் கடலோர வயல்களில் கொஞ்சம் மிச்சம்.

குரிச்சேனின் உடம்பு பதினான்கு, பதினைந்து சென்டிமீட்டர். கண் வெளிறிய க்ரீம் நிறம். தரையில் நிற்கிற பறவையை பைனாகுலரில் பார்த்தால் முதலில் உறைப்பது அந்தக் கண்தான், கொஞ்சம் முறைப்பது போலவே இருக்கும். முகம் வெளிறிய மணல் நிறம், சின்னச் சின்னக் கறும்புள்ளிகளோடு. நெஞ்சின் நடுவில் ஆரஞ்சுச் சாயல். நெஞ்சின் பக்கவாட்டில் கறும்புள்ளிகள் தனித்தனியாக, இதய வடிவில் நிற்கும். ஒன்றோடொன்று சேர்ந்து வரியாகாது. இதை ஞாபகம் வையுங்கள்.

க்ரூகர் பூங்காவில் மழைக்குப் பிந்தைய நாட்களில் மண்சாலையைக் கடக்கிறபோது குரிச்சேனை நின்று பார்க்க முடியும். நேராக ஓடாது. ஒரு அடி வைக்கும், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டும், பச்சோந்தி கிளையில் நகர்வது போல அடுத்த அடி வைக்கும். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டால் சாலையோரப் புழுதியில் உட்கார்ந்து குளிக்கக்கூடச் செய்யும். பட்டன்காடையைப் பழக இதைவிட நல்ல வழி கிடையாது. கிளப்பிப் பார்த்து யாரும் கற்றுக்கொண்டதில்லை, தரையில் பார்த்த பிறகுதான் பறக்கிறது புரியும். நட்டாலில் இருப்பவர்கள் ஹ்லுஹ்லுவே பூங்கா பக்கம் போகும்போதும் சாலை மீது ஒரு கண் வைத்திருக்கலாம்.

கருப்பிட்டம் வேறு சுபாவம். 1850 இல் சுந்தவால் என்ற ஸ்வீடன்காரர் விவரித்தது. ஆப்பிரிக்காவை விட்டு வெளியே கிடையாது. அதே உயரம், அதே பருமன். பெண்ணின் முகமும் தொண்டையும் புள்ளியில்லாத செம்பழுப்பு, கிட்டத்தட்ட காவி நிறம். ஆணுக்கு அது அவ்வளவு பளிச்சென்று இருக்காது, புள்ளியும் இருக்கும், அதனால் முகத்தை வைத்து முடிவு செய்வதானால் பெண்ணிடம்தான் செய்யலாம். பக்கவாட்டுக் கறுப்பு குரிச்சேனைப் போலத் தனிப்புள்ளியாக நிற்காமல் வரிவரியாக ஓடும். முக்கியமானது பெயரிலேயே இருக்கிறது. நடுமுதுகிலிருந்து வாலடி வரை கறுத்திருக்கும்.

இப்போது நீங்கள் பார்த்த அந்த மூன்று விநாடிக்கு வருவோம். எழுந்து பறக்கிற பட்டன்காடையின் மேற்புறத்தில் கண்ணில் படுவது மூன்று பரப்புகள். இறக்கையின் முன்பாதியில் தோள்பக்கத்து இறகுகள், பின்பாதியில் பறக்கும் இறகுகள், நடுவில் முதுகும் பிட்டமும். முன்பாதி வெளிறியும் பின்பாதி கறுத்தும் இருப்பது இரண்டு இனத்துக்கும் பொது. புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்த வெளுப்பு, கறுப்பு வேறுபாட்டைப் பார்த்துவிட்டு "கறுப்பு தெரிந்தது" என்று எழுதுவார்கள். அது இறக்கையின் கறுப்பு, எதையும் நிரூபிக்காது. பார்க்க வேண்டியது நடுப்பட்டை. குரிச்சேனுக்கு அது வெளிறிய தோள் இறகுகளோடு ஒட்டிப்போகிற செம்மணல், பழுப்புச் சாயல். எங்கே தோள் முடிகிறது, எங்கே முதுகு ஆரம்பிக்கிறது என்று கோடு தெரியாது. கருப்பிட்டத்துக்கு இரண்டு வெளிறிய திட்டுகளுக்கு நடுவே கறுத்த பட்டை ஒன்று வால் வரை ஓடும். கோடு தெரியும். உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி "முதுகு கறுப்பா?" இல்லை, "தோளுக்கும் முதுகுக்கும் நடுவில் கோடு தெரிந்ததா?" என்பது.

இதிலும் இரண்டு ஏமாற்று உண்டு. வெயிலுக்கு எதிராகப் பறக்கிற எந்தப் பறவைக்கும் முதுகு கறுப்புதான். நீங்கள் விடிகாலையில் சரிவில் மேல்நோக்கி ஏறும்போது, சரிவு கிழக்கே ஏறினால், எழுகிற பறவை எல்லாமே சூரியனுக்குள் போகும். இன்னொன்று பனி. மிட்லாண்ட்ஸில், அதாவது ஹோவிக் இருக்கிற மேட்டுப்பகுதியில், விடிகாலைப் புல் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். அதற்குள்ளேயே ஓடித் திரிந்த பறவையின் இறகு நனைந்து ஒரு பங்கு கறுத்துப்போகும். ஆகவே நான் சொல்வேன், ஒன்பது மணிக்கு மேல், பனி காய்ந்த பிறகு, வெயில் உங்கள் முதுகில் படுமாறு நடங்கள். எழுந்தால் கேமராவைத் தூக்காதீர்கள். கேமராவைத் தூக்குகிற நேரத்தில் பறவை விழுந்துவிடும், படமும் வராது, பார்த்ததும் போச்சு. கண்ணை எடுக்காமல் நடுப்பட்டையை மட்டும் பாருங்கள். விழுந்த இடத்துக்கு ஓடாதீர்கள், விழுந்த கணத்திலேயே அது தரையில் ஓட ஆரம்பித்திருக்கும், நீங்கள் போய்ச் சேரும்போது அங்கே இருக்காது. இரண்டாவது முறை பறக்க வைப்பது அனேகமாக நடக்காத காரியம்.

அது முதலில் பட்டன்காடைதானா என்பதையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். சாதாரணக் காடை பெரிது, பதினெட்டு சென்டிமீட்டர் வரும், இறக்கை நீளம், வேகமாக எழுந்து நேர்கோட்டில் ரொம்பத் தூரம் போகும். கோடை மழையோடு கோதுமை, மக்காச்சோள வயல் பக்கம் அது நிறைய இருக்கும், "விட்-விட்டிட்" என்று மூன்று தட்டாகக் கூப்பிடுவதும் அதுதான். ஐம்பது தப்படியில் விழுந்தது என்று நீங்கள் சொல்வது பட்டன்காடைக்குப் பொருந்துகிறது.

இனி இடம். என்னைக் கேட்டால் பாதி அடையாளம் இதிலேயே முடிந்துவிடும். குரிச்சேன் காய்ந்த நிலத்துப் பறவை. முள்மரக் காட்டுப் புல், உழாமல் விட்ட பழைய வயல், மணற்பாங்கான இடம், கலஹாரி ஓரம் வரை. ஓரிடத்தில் நிலைத்து நிற்காது. மழை நன்றாகப் பெய்த வருஷம் ஒரு மாவட்டம் முழுக்க இருக்கும், அடுத்த வருஷம் ஒன்றுகூட இருக்காது. கருப்பிட்டத்துக்கு ஈரமான பச்சைப் புல்வெளி வேண்டும். கடலோரப் புல்வெளி, மிட்லாண்ட்ஸின் மூடுபனிப் புல்வெளி, ஃப்ளே என்கிற சதுப்புப் பள்ளத்தின் ஓரத்தில் தண்ணீர் நிற்காத ஆனால் ஈரம் காயாத பட்டை. ரொம்ப உயர்ந்து அடர்ந்த புல்லுக்குள் அது போகாது, அதற்கு ஓட இடம் வேண்டும். நட்டாலில் குரிச்சேனை எதிர்பார்க்க வேண்டியது துகேலா பள்ளத்தாக்கு, சுலுலாந்தின் முள்காடு. ஹோவிக்குக்கு மேலே ஆயிரம் மீட்டருக்கு மேல் மூடுபனி விழுகிற சரிவு கருப்பிட்டத்தின் பேட்டை. அதற்காகக் குரிச்சேன் அங்கே வரவே வராது என்று சத்தியம் செய்ய முடியாது. அலைகிற பறவை, அறுத்த மக்காச்சோளத் தரிசில் இறங்கலாம்.

ஆனால் அந்தப் பேட்டை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். மிட்லாண்ட்ஸ் மூடுபனிப் புல்வெளியில் பெரும்பகுதி பைன், யூகலிப்டஸ், வாட்டில் தோப்பாகவும், மக்காச்சோள வயலாகவும் மாறிவிட்டது. கீழே கடற்கரையோரம் கரும்பு. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் மதராஸிலிருந்து வந்து இறங்கியதே அந்தக் கரும்புக்காகத்தான். டோங்காட், வெருலம், ஸ்டாங்கர், உம்ஸின்டோ என்று நம் கோவில்கள் நிற்கிற ஊர்களைச் சுற்றி ஒரு காலத்தில் கடலோரப் புல்வெளி இருந்தது. நிலம் யாருடையது, லாபம் யாருக்குப் போனது என்பது தெரிந்த கதை, கூலிக்கு வெட்டியவர்களைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனாலும் பறவை பார்க்கிற நட்டால் தமிழன் இதைத் தெரிந்துகொண்டே பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். 2015 ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கச் சிவப்புப் பட்டியல் கருப்பிட்டத்தை அழிவாபத்திலுள்ள இனமாக வைத்திருக்கிறது. உலக அளவில் அதற்கு ஆபத்தில்லை, மேற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இருக்கிறதே. குரிச்சேனுக்கு இங்கே எந்தக் கவலையும் இல்லை.

கூவலை நம்பிப் பிரிக்கலாமா என்றால், நான் நம்பமாட்டேன். இரண்டிலும் பெண் தாழ்ந்த குரலில் "ஊம், ஊம்" என்று இடைவெளி விட்டுக் கூவும். பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்றே புரியாது. ஈரப் புல்வெளியில் ஃப்ளஃப்டெயில் என்கிற, கானாங்கோழி போன்ற சின்னப் பறவைகளும் கிட்டத்தட்ட அதே ஊளையை வைத்திருக்கின்றன.

பழைய புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கருப்பிட்டத்தைத் தனி இனமாகப் பிரிக்காத காலத்தில் அதைக் கேப்பில் இருக்கிற ஹாட்டன்டாட் பட்டன்காடையோடு சேர்த்து ஒரே இனமாக எழுதியிருப்பார்கள். தாத்தா காலத்துப் பட்டியலில் நட்டாலில் "ஹாட்டன்டாட்" என்று இருந்தால் அது நம் கருப்பிட்டம்தான். அந்தப் பெயர் கோய்கோய் மக்களை இழிவாக அழைத்த சொல் என்பதால் இப்போது ஃபின்போஸ் பட்டன்காடை என்று மாற்றிவிட்டார்கள், நல்ல காரியம். ஃபின்போஸ் பறவை மேற்கு கேப்பிலிருந்து கிழக்கு கேப் ஓரம் வரை, ஃபின்போஸ் புதர் இருக்கிற இடத்தில் மட்டும், அதிலும் தீ பட்டுச் சில வருஷமான திறந்த புதரில். உறவில் கருப்பிட்டத்துக்கு நெருக்கம் அதுதான், குரிச்சேன் இரண்டு பேரிலிருந்தும் தள்ளி நிற்கும். ஹோவிக்கில் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை.

பேர்ட்லாஸர் விஷயம். 2007 இல் தொடங்கிய இரண்டாவது பறவை வரைபடத் திட்டத்துக்கு நீங்கள் அனுப்புகிற பட்டியல் போகிறது. அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் ஐந்து நிமிடத்துக்கு ஐந்து நிமிடக் கட்டமாக நாட்டைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் கட்டத்தில் கருப்பிட்டம் என்று விழுந்தால் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கிறவர்கள் அதைப் பார்ப்பார்கள். இல்லாததை இருக்கிறது என்று போட்டால் பின்னால் உண்மையான பதிவையும் சந்தேகிப்பார்கள். நடுப்பட்டையின் கோட்டைக் கண்ணால் பார்த்தேன், வெயில் முதுகில் இருந்தது, இறகு காய்ந்திருந்தது என்று சொல்ல முடிந்தால் மட்டும் போடுங்கள். விளக்கம் கேட்டு மெயில் வந்தால் இந்த மூன்றையும் அப்படியே எழுதுங்கள். சொல்ல முடியாவிட்டால் பட்டியலில் விட்டுவிட்டு, தேதியையும் இடத்தையும் நோட்டில் குறித்து வைத்து மறுபடி போங்கள். அபூர்வமான பறவை என்றால் மனசு அந்தப் பக்கமே சாயும், எனக்கும் சாயும், அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

நாய் வேண்டாம். கோடையில் அந்தச் சரிவில் ஆண் அடைகாத்துக்கொண்டிருக்கும். கூடு என்பது புல்தூர் அடியில் ஒரு குழி, அவ்வளவுதான். கயிற்றைப் புல்மேல் இழுத்துக்கொண்டு போய்க் கிளப்புகிற வழக்கமும் இங்கே உண்டு, அதையும் முட்டைப் பருவத்தில் செய்யாதீர்கள். பதிவு செய்த கூவலைப் போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம், பெட்டை தன் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள் என்று அலையும். இதற்கெல்லாம் பதில், தீ பரவாமல் இருக்கக் குளிர்காலத்தில் எரித்துவிடுகிற ஃபயர்பிரேக் பட்டை. முதல் மழைக்குப் பின் அதில் புல் கணுக்கால் உயரத்துக்கு வந்திருக்கும்போது, பட்டையின் ஓரமாக மெதுவாக நடங்கள். பறவை எழாமலேயே ஓடுவதைப் பார்க்க அங்கேதான் வாய்ப்பு. முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள், உண்ணி மோசம், பஃப் ஆடர் பாம்பும் அதே பட்டையில்தான் வெயில் காயும். போவதற்கு முன் பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பும்போது கேட்டை மூடிவிட்டு வாருங்கள். ஒரு மாடு ரோட்டுக்குப் போய்விட்டால் அடுத்த கோடையில் உள்ளே விடமாட்டார்.